மிளகும் மிளகாயும்: போர்முனைக்கும் வீட்டுக்கும் இடையே பஞ்சாப், 1914–1919

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



முதல் உலகப் போர் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவில் எழுவது எம்டன் கப்பல்தான். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. வசதி படைத்தோர் மூட்டை கட்டிக்கொண்டு நகரை விட்டு வெளியேறினர். சற்று நேரத்தில் முடிந்துபோன அந்தத் தாக்குதல் ‘எம்டன்’ என்ற சொல்லை நம் பேச்சில் விட்டுவிட்டுச் சென்றது. எதற்கும் துணிந்த ஆளை இன்றும் அப்படித்தான் சொல்கிறோம்.

பஞ்சாபின் கிராமங்களுக்குப் போர் அப்படி ஓர் இரவில் வந்து போகவில்லை. நான்கு ஆண்டுகள் அது வீட்டுக்குள்ளேயே குடியிருந்தது.

எம்டன் சென்னையைத் தாக்கிய நான்காம் நாள், செப்டம்பர் 26 அன்று, இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் இறங்கியது. வீதியின் இருபுறமும் மக்கள் நின்று பூக்களைத் தூவினர். அதற்கு மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 29 அன்று, கல்கத்தாவுக்கு அருகே பஜ்பஜ் துறையில் இன்னொரு கப்பல் நின்றது. அது கோமகட்டா மாரு. பிழைப்புத் தேடிக் கனடா சென்ற 376 பேரை, பெரும்பாலும் பஞ்சாபியரை, வான்கூவர் துறைமுகத்தில் இரண்டு மாதம் காக்க வைத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கரை இறங்கியவர்களைப் பஞ்சாபுக்குக் கட்டாய ரயிலில் ஏற்ற முயன்றபோது மோதல் மூண்டது, துப்பாக்கிகள் வெடித்தன, இருபது பேர் அளவில் மாண்டனர். ஒரே வாரத்தில், ஒரே மாகாணத்து மக்களுக்கு, ஒரு துறைமுகத்தில் பூவும் மற்றொரு துறைமுகத்தில் குண்டும் கிடைத்தன. கோமகட்டா மாருவில் வந்தவர்களிலும் பழைய சிப்பாய்கள் இருந்தார்கள்.

அந்தச் சிப்பாய்களைப் பற்றி இரண்டு கதைகள் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றன. ‘போர்வீர இனங்கள்’ அரசருக்கு விசுவாசமாக உயிர் ஈந்தன என்பது ஏகாதிபத்தியம் சொன்ன கதை. அவர்கள் கூலிப்படையினர், அந்நியனுக்காகச் சண்டையிட்டவர்கள், பேசுவதற்கு என்ன இருக்கிறது என்பது நம் பக்கத்துக் கதை. இரண்டுமே அந்த மனிதர்களின் பேச்சைக் கேட்காமல் கட்டப்பட்டவை. ஏனெனில் அவர்கள் பேசினார்கள், அதுவும் ஏராளமாக. 1915 மார்ச் அளவில் பிரான்சிலிருந்து வாரத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டன. அவற்றை முதலில் படித்தவர் தாயோ மனைவியோ அல்லர், தணிக்கை அதிகாரி.

கடிதங்களுக்கு வருமுன், அவர்களைப் படைக்கு அனுப்பியது எது என்று பார்ப்போம். ஒரு காலாட்படைச் சிப்பாயின் சம்பளம் மாதம் 11 ரூபாய். ராவல்பிண்டி, ஜீலம் மாவட்டங்களில் நிலம் மழையை நம்பிய மேட்டு நிலம். மத்தியப் பஞ்சாபில் வயல்கள் பங்காளிகளிடையே துண்டு துண்டாகிக் கிடந்தன. எங்கும் வட்டிக்கடைக்காரரின் பேரேடு இருந்தது. பஞ்சாபின் கூட்டுறவுத் துறையில் பணியாற்றிய மால்கம் டார்லிங் என்ற ஆங்கில அதிகாரி 1925-இல் ஒரு நூல் வெளியிட்டார். நிலவுடைமை விவசாயிகளில் கடனில்லாதவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர்தாம் என்பது அதில் அவர் கண்ட கணக்கு. இப்படிப்பட்ட வீட்டுக்கு மாதந்தோறும் தவறாமல் வரும் பதினொரு ரூபாய் எப்படிப்பட்டது என்பதை விவசாயக் குடும்பத்தில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. கால்வாய்க் குடியேற்றப் பகுதிகளில் ஒரு துண்டு நிலம் கிடைக்கும் என்ற ஆசையும் கூட இருந்தது. விசுவாசம் என்று அரசு எழுதிக்கொண்டதில் பெரும் பகுதி இந்தக் கணக்குதான். வீரமும் பெருமிதமும் இல்லை என்று சொல்வதற்கில்லை. உப்பைத் தின்ற வீட்டுக்குத் துரோகம் செய்யலாகாது என்ற பழைய நெறி அவர்களிடம் ஆழமாக இருந்தது. கடிதங்களில் அதுவும் வருகிறது. ஆனால் உப்புக்கு ஈடாக எவ்வளவு கேட்கலாம் என்ற கேள்வியும் அதே கடிதங்களில் வருகிறது.

1914 அக்டோபர் இறுதியில் அவர்கள் பெல்ஜியத்தில் ஈப்ர் நகரத்துக்கு அருகே அகழிகளில் இருந்தார்கள். உடுத்தியிருந்தது வெயில் நாட்டுக்குத் தைத்த மெல்லிய பருத்திக் காக்கி. கம்பளி உடுப்பு பின்னர்தான் வந்தது. மார்சேயில் இறங்கியதும் பழைய துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, அவர்கள் கையாண்டிராத புதியதைக் கொடுத்தார்கள். எறிகுண்டு இல்லை; ஜாம் டப்பாவில் வெடிமருந்தை அடைத்துத் தாங்களே செய்துகொண்டார்கள். அகழியில் முழங்கால் அளவு நீர். அந்த நீரில் நாள்கணக்கில் நின்று பாதங்கள் அழுகின. பலூச் ரெஜிமெண்டின் குதாதாத் கான், அக்டோபர் 31 அன்று, தன் இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் மற்ற அனைவரும் மாண்ட பின்னும் சுட்டுக்கொண்டிருந்தார். விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்தியச் சிப்பாய் அவர். அவருடைய பெயரை நாடு முழுவதும் பரப்பினார்கள். அதே வாரங்களில் கையில் குண்டுக்காயம் பட்டு வந்தவர்களைத் தாமே சுட்டுக்கொண்டார்களோ என்று ஐயுற்றதையும், சிலரை அதற்காகச் சுட்டுக் கொன்றதையும் பரப்பவில்லை. ஆயிரம் காயங்களை ஆராய்ந்த இராணுவ மருத்துவர் ஒருவர், அந்த ஐயத்துக்குச் சான்று இல்லை என்று பிற்பாடு அறிக்கை தந்தார்.

1915 மார்ச் 10 அன்று நவ் ஷப்பேல் கிராமத்தின் மீது நடந்த தாக்குதலில் படையில் பாதி இந்தியர். மூன்று நாள் சண்டையில் இந்தியப் படைப்பிரிவு நான்காயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தது. அதாவது மாண்டவர், காயமுற்றவர், காணாமற்போனவர். கைப்பற்றிய நிலம் ஒரு சிற்றூரும் அதைச் சுற்றிய சில வயல்களும். இன்று அங்கே ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. கல்லறை இல்லாமல் போன 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன.

காயமுற்றவர்களை இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரைட்டன் நகரத்துக்குக் கொண்டு சென்றார்கள். ஒரு காலத்தில் மன்னரின் உல்லாச மாளிகையாக இருந்த கட்டடம் மருத்துவமனை ஆயிற்று. இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் தனித்தனிச் சமையற்கட்டு, தனித்தனிக் குழாய் எல்லாம் இருந்தன. அதைப் படமெடுத்து, உருதுவிலும் குர்முகியிலும் சிறு நூல் அச்சிட்டு இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அதே நகரத்தில், முன்பு ஏழைகள் விடுதியாக இருந்த இன்னொரு கட்டடத்தில் இருந்த பெரிய மருத்துவமனையைச் சுற்றி முள்வேலி போட்டுக் காவல் நிறுத்தினார்கள். உள்ளிருந்தவர்கள் நோயாளிகள்; அவர்கள் வெள்ளையர் தெருவில் தம் விருப்பப்படி நடமாடுவதை அரசு விரும்பவில்லை. அந்த முள்வேலியின் படம் சிறு நூலில் இல்லை.

சிப்பாய்களை மிகவும் வாட்டியது முள்வேலியன்று. காயம் ஆறியதும் மறுபடியும் அகழிக்கே அனுப்பினார்கள். ஒருமுறை இரத்தம் சிந்தியவன் வீடு திரும்பலாம் என்பது அவர்கள் மனத்தில் இருந்த ஒப்பந்தம். அது மீறப்பட்டது. 1915-இன் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் குறை இதுதான். ஒரு சிப்பாய் கையெழுத்திடாமல் மன்னருக்கே மனு எழுதினார்.

இனி அந்தக் கடிதங்கள். எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. சிப்பாய் சொல்லச் சொல்ல, படையில் எழுத்தறிந்த ஒருவர் எழுதுவார். அது ரெஜிமெண்ட் அதிகாரியின் கண்ணுக்கு ஒருமுறை, தணிக்கை அலுவலகத்தின் கண்ணுக்கு ஒருமுறை தப்ப வேண்டும். அந்த அலுவலகத்தில் உருது, குர்முகி, இந்தி கடிதங்களைப் படித்துத் தேர்ந்தெடுத்த பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, வாரந்தோறும் அறிக்கை செய்து மேலிடத்துக்கு அனுப்பினார்கள். கடிதம் ஊர் போய்ச் சேர்ந்தால், அங்கே அதைப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். பள்ளி ஆசிரியரோ, தபால்காரரோ. ஆக, கணவன் மனைவிக்குச் சொல்லும் ஒரு சொல்லுக்கு நடுவே குறைந்தது நான்கு பேர் நின்றார்கள். அவர்கள் முன்னிலையில் ஒருவன் எதைச் சொல்வான்?

சொன்னார்கள். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழிகளில் பெயர்பெற்றது மிளகுக் கதை. ஒரு சிப்பாய் ஊருக்கு எழுதுகிறார்: இந்தியாவிலிருந்து வந்த கறுப்பு மிர்ச் தீர்ந்துபோயிற்று, இப்போது சிவப்பு மிர்ச்சைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் கறுப்புக்கு உள்ள காரம் சிவப்புக்கு இல்லை. கறுப்பு என்பது இந்தியப் படை, சிவப்பு என்பது வெள்ளைப் படை. இது தணிக்கையாளருக்கும் எளிதில் விளங்கிவிட்டது. விளங்கியதால்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. இங்கே மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு சிறு செய்தி. பஞ்சாபியிலும் இந்தியிலும் இரண்டும் ‘மிர்ச்’. ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல். நிறத்தைச் சொல்லித்தான் பிரிக்க வேண்டும். தமிழில் ஒன்று மிளகு, மற்றது மிளகாய். ஒன்று இந்த மண்ணில் என்றும் இருந்தது. மற்றது போர்த்துகீசியரோடு கப்பலில் வந்தது. அந்தச் சிப்பாய் தமிழராக இருந்திருந்தால் உவமை இன்னும் கூர்மையாக அமைந்திருக்கும். தணிக்கையாளர் இன்னும் விரைவாகப் பிடித்திருப்பார்.

எல்லோரும் மறைத்துப் பேசவில்லை. இது போரன்று, உலகத்தின் முடிவு என்றவர்கள் உண்டு. மகாபாரதத்தோடு ஒப்பிட்டவர்கள் உண்டு. மனிதர்கள் சட்டியில் வறுபடும் தானியம்போல மாய்கிறார்கள் என்று எழுதியவர்கள் உண்டு. தம்பியைப் படையில் சேரவிடாதே என்று நேராகவே எழுதியவர்கள் பலர். அந்த வரிகளைத் தணிக்கையாளர்கள் மிகக் கவனமாகக் குறித்துக்கொண்டார்கள். போர்முனையிலிருந்து கிளம்பும் ஒரு வாக்கியம் ஒரு மாவட்டத்தின் ஆள்சேர்ப்பையே கெடுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஏகாதிபத்தியம் அஞ்சியது ஜெர்மானியனுக்கு மட்டுமன்று. தன் சிப்பாய் தன் தாய்க்கு எழுதும் கடிதத்துக்கும் அஞ்சியது.

1915 இறுதியில் காலாட்படை பிரான்சை விட்டுச் சென்ற பிறகும் குதிரைப்படை 1918 வரை அங்கேயே இருந்தது. பிரெஞ்சு விவசாயிகளின் வீடுகளிலும் கொட்டகைகளிலும் அவர்கள் தங்கினார்கள். அங்கிருந்து எழுதிய கடிதங்களில் வேறொரு குரல் கேட்கிறது. கணவனும் மகனும் போரில் இருக்க, பெண்கள் உழுகிறார்கள், கணக்குப் பார்க்கிறார்கள், செய்தித்தாள் படிக்கிறார்கள். மகன் இறந்த செய்தி வந்த மறுநாளும் வயலுக்குப் போகிறார்கள். இதைக் கண்ட பஞ்சாப் விவசாயி, மகளைப் பள்ளிக்கு அனுப்பு என்று வீட்டுக்கு எழுதுகிறார். நகை செய்வதை விடு, பிள்ளைகளைப் படிக்க வை என்கிறார். வெள்ளையரின் வீட்டுக்குள் சமமாக உட்கார்ந்து உண்ட அனுபவம் அவர்களுக்கு இந்தியாவில் கிடைத்ததில்லை. ஐரோப்பாவைப் புகழும் வரிகள் என்று இவற்றைத் தள்ளிவிடக் கூடாது. அடிமை நாட்டில் தனக்கு மறுக்கப்பட்டது எது என்பதை ஒருவன் அளந்து பார்க்கும் வரிகள் இவை.

பிரான்சை விட்டுச் சென்ற காலாட்படை மெசபடோமியாவுக்கு, இன்றைய இராக்குக்குப் போயிற்று. அங்கே ஏற்கெனவே ஜெனரல் டவுன்ஷெண்டின் படை டைக்ரிஸ் ஆற்றோரம் குட் என்னும் சிற்றூரில் 1915 டிசம்பர் 7 முதல் முற்றுகைக்குள் சிக்கியிருந்தது. மீட்கச் சென்ற படை ஏறக்குறைய 23,000 பேரைப் பலி கொடுத்தும் காயப்படுத்தியும் மீட்க முடியவில்லை. உள்ளே குதிரைகளை அறுத்து உண்டார்கள். இந்தியச் சிப்பாய்களில் பலர் வெகு நாள் அதைத் தொடவில்லை. காய்கறி இல்லாமல் ஸ்கர்வி நோய் பரவியது. ஏறக்குறைய ஐந்து மாதத்துக்குப் பின், 1916 ஏப்ரல் 29 அன்று, சுமார் 13,000 பேர் சரணடைந்தார்கள். சிப்பாய்கள் பாலைவனத்தில் நடத்திச் செல்லப்பட்டு ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். டவுன்ஷெண்ட் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு அருகே ஒரு தீவில், பங்களாவில் இருந்தார். சிறையிலிருந்தபோதே அவருக்கு ‘சர்’ பட்டம் வழங்கப்பட்டது. வர்க்கம் என்பது போர்க்கைதிகளிடையேயும் உண்டு.

துருக்கி சுல்தான் கலீபா. அவருக்கு எதிராகப் புனிதத் தலங்களை நோக்கிச் செல்ல மாட்டோம் என்று பதினைந்தாம் லான்சர் குதிரைப்படையினர் 1916-இல் பாஸ்ராவில் மறுத்துத் தண்டனை பெற்றார்கள். அதற்கு முன்பே 1915 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் ஐந்தாம் லைட் இன்ஃபன்ட்ரி கிளர்ந்தெழுந்தது. 47 பேரைப் பொதுமக்கள் கண்ணெதிரே சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள்.

இப்போது வீட்டுப் பக்கம் திரும்புவோம். கடல் கடந்த நாடுகளிலிருந்து கத்தார் கட்சித் தோழர்கள் ஆயிரக்கணக்கில் பஞ்சாபுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களிலும் பலர் முன்னாள் சிப்பாய்கள். படைமுகாம்களில் எழுச்சியை உண்டாக்கி 1915 பிப்ரவரியில் புரட்சியைத் தொடங்குவது திட்டம். லாகூரில் இருபத்து மூன்றாம் குதிரைப்படையில் ஆதரவும் இருந்தது. ஒற்றன் காட்டிக் கொடுத்தான். லாகூர் சதி வழக்கில் 24 பேருக்குத் தூக்கு விதித்து, பின்னர் 17 பேருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்கள். நவம்பர் 16 அன்று ஏழு பேர் தூக்கிலேறினர். அவர்களில் கர்த்தார் சிங் சராபாவுக்கு வயது பத்தொன்பது. தண்டனை குறைக்கப்பட்டவர்களில் ஒருவர் சோஹன் சிங் பக்னா. அந்தமானும் பிற சிறைகளும் கண்டு 1930-இல் வெளிவந்து, பிற்பாடு விவசாயிகள் இயக்கத்திலும் கம்யூனிஸ்ட் கட்சியிலும் உழைத்தவர். கத்தாரின் அறைகூவல் அன்று கிராமங்களில் பரவலாக ஏற்கப்படவில்லை. இதை ஒளிக்க வேண்டியதில்லை. மகன் பிரான்சில் இருக்கிறான், அவன் சம்பளம் மணியார்டரில் வருகிறது என்ற வீடு, அவனுடைய படைக்கு எதிராக எழுவது எளிதன்று. முனையும் வீடும் ஒரே கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. கயிற்றின் நுனி அரசின் கையில் இருந்தது.

அந்தக் கையின் பெயர் சர் மைக்கேல் ஓட்வையர். 1913 முதல் 1919 வரை பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னர். போர்க்காலத்தில் இந்தியா முழுவதிலும் படைக்கு எடுத்த போர்வீரர் ஏறக்குறைய ஏழு இலட்சம். அதில் பாதிக்கு மேல், சுமார் மூன்றரை இலட்சம் பேர் பஞ்சாபியர். 1917-க்குப் பிறகு தாமாக வருபவர்கள் குறைந்தார்கள். அப்போது மாவட்டத்துக்கு இத்தனை, தாலுகாவுக்கு இத்தனை, ஊருக்கு இத்தனை என்று கணக்குக் கொடுத்தார்கள். ஜைல்தார், லம்பர்தார் ஆகிய ஊர் அதிகாரிகளின் பதவி, பட்டம், நிலம் எல்லாம் அந்தக் கணக்கில் தொங்கின. ஆள் கொடுக்காத வீட்டாரை நன்னடத்தைப் பிணை வழக்கில் இழுத்தார்கள். பாசன நீரை மறுத்தார்கள். ஆண்கள் வயலில் ஒளிந்தால் பெண்களை அவமானப்படுத்தினார்கள். 1920-இல் காந்தி, சி.ஆர்.தாஸ், அப்பாஸ் தியாப்ஜி, ஜெயகர் ஆகியோர் வெளியிட்ட காங்கிரஸ் விசாரணைக் குழு அறிக்கையில் கிராமத்தாரின் வாக்குமூலங்கள் உள்ளன. ஷாப்பூர் மாவட்டத்தில் ஆள்பிடிக்கும் கொடுமை தாங்காமல் ஒரு தாசில்தாரையே ஊர்மக்கள் கொன்றுவிட்டார்கள்.

பஞ்சாபோடு இது நிற்கவில்லை. பிரான்சுக்குக் கூலிப்படை திரட்ட முற்பட்டபோது 1917-இல் மணிப்பூர் மலைகளில் குக்கி மக்கள் ஆயுதம் ஏந்தினார்கள். மயூர்பஞ்சில் சந்தால் மக்கள் கிளர்ந்தார்கள். ஆள் பற்றாக்குறை வந்ததும் ‘போர்வீர இனங்கள்’ என்ற தத்துவமும் இளகிற்று. தகுதியற்றவர்கள் என்று முன்பு ஒதுக்கிய மகர்களைக் கொண்டு 1917-இல் ஒரு படைப்பிரிவு அமைத்தார்கள். தேவை தீர்ந்ததும் 1921-இல் கலைத்தார்கள். காந்தியும் 1918-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் சேர்க்க ஊர் ஊராக நடந்தார். வரிகொடா இயக்கத்தின்போது கேட்காமலே மாட்டு வண்டி கொடுத்த விவசாயிகள், இம்முறை வாடகைக்கும் வண்டி தரவில்லை என்பதை அவரே தம் வரலாற்றில் ஒப்புக்கொண்டிருக்கிறார். தலைவர்களை விட விவசாயிகள் தெளிவாக இருந்த நேரங்கள் உண்டு.

வீட்டில் விலைவாசி ஏறியது. உப்பும் மண்ணெண்ணெயும் துணியும் எட்டாத பொருள்கள் ஆயின. இந்திய அரசு 1917-இல் பிரிட்டனுக்குப் பத்துக் கோடி பவுன் ‘அன்பளிப்பு’ வழங்கியது; அன்பு யாருடையது என்று கேட்கவில்லை, வரியை மட்டும் கேட்டார்கள். பெண்கள் எழுதிய கடிதங்கள் தொகுப்புகளில் மிகச் சில. டேவிட் ஒமிசி 1999-இல் பதிப்பித்த நூலில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் உண்டு. அவற்றில் மனைவியின் குரல் அரிதாகவே ஒலிக்கிறது. வயலில் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை, பணம் வந்து சேரவில்லை, கொழுந்தன் பங்கு கேட்கிறான், எப்போது வருவாய். கணவனின் மறுமொழிகளிலிருந்துதான் இந்தக் கேள்விகளை ஊகிக்க வேண்டியிருக்கிறது. வரலாற்றில் பாதி மக்களின் பேச்சு இப்படி மறுமுனையிலிருந்து மட்டும் கேட்கிறது.

பிறகு 1918 வந்தது. ஜூனில் பம்பாய்த் துறைமுகத்தில் காவலிருந்த போலீஸ்காரர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். படைக்கப்பல்களோடு வந்த இன்ஃபுளுயன்சா அது. செப்டம்பரில் இரண்டாம் அலை ரயில் பாதை வழியே வடக்கே ஏறியது. அந்த ஆண்டு பருவமழையும் பொய்த்திருந்தது. அக்டோபர், நவம்பரில் பஞ்சாபில் மட்டும் ஏறக்குறையப் பத்து இலட்சம் பேர் இறந்தார்கள். இந்தியா முழுவதும் ஒரு கோடிக்கும் மேல். உடல்களைச் சுமக்க ஆள் இல்லை. அறுவடைக்கு ஆள் இல்லை. எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள், தோழர்களே. நான்கு ஆண்டுகளில் எல்லாப் போர்முனைகளிலும் சேர்ந்து மாண்ட இந்தியப் படையினர் சுமார் 74,000. பஞ்சாபின் வீடுகளில் சில வாரங்களில் இறந்தவர்கள் அதைப்போல் பன்மடங்கு. முனையில் இருந்தவன் உயிர் பிழைத்துத் திரும்பினான். அவனுக்காகக் காத்திருந்த வீட்டில் விளக்கேற்ற ஆளில்லை. ஆபத்தான இடம், பாதுகாப்பான இடம் என்று பிரித்து வைத்த கோடு அங்கே அழிந்துபோயிற்று. பள்ளிப் பாடநூல்களில் போர் முடிந்த நாளாக நிற்பது 1918 நவம்பர் 11. அந்த நாளில் பஞ்சாப் பிணங்களை எண்ணிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தவர்களுக்கு அரசு தந்த வரவேற்பு ரௌலட் சட்டம். 1919 மார்ச்சில் அது நிறைவேறியது. ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக். சுட்டவர்களும் இந்தியப் படையின் சிப்பாய்களே. இதைச் சொல்லும்போது குரல் தாழ்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். 1,650 தோட்டாக்கள், அரசுக் கணக்கில் 379 உயிர்கள். மறுநாள் குஜ்ரன்வாலா மீது விமானத்திலிருந்து குண்டு வீசினார்கள். மகன்களை ஐரோப்பாவின் வானத்துக்குக் கீழே அனுப்பிய மாகாணத்துக்கு அந்த வானத்தின் போர்முறையே வந்து சேர்ந்தது.

ஆள்சேர்ப்புக் கொடுமை ஒருமுறை நீதிமன்றத்துக்கும் போயிற்று. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்து, வைஸ்ராயின் நிர்வாக சபை உறுப்பினராகி, பஞ்சாப் படுகொலைக்குப் பின் பதவியைத் துறந்த சி.சங்கரன் நாயர் 1922-இல் ஒரு நூல் எழுதினார். காந்தியை எதிர்த்து எழுதிய நூல்தான் அது. நம் பார்வையில் பிழைகள் நிறைந்தது. ஆனால் பஞ்சாபின் கொடுமைகளுக்கு ஓட்வையரே பொறுப்பு என்று அதில் துணிந்து சொன்னார். ஓட்வையர் லண்டனில் மான நஷ்ட வழக்குத் தொடுத்தார். 1924-இல் ஐந்து வாரம் நடந்த விசாரணையில் பஞ்சாபின் ஆள்சேர்ப்பு முறைகளும் அலசப்பட்டன. நடுவர்கள் பன்னிரண்டு பேர். பதினொருவர் ஓட்வையர் பக்கம். நாயருக்கு 500 பவுன் அபராதம். ஒத்துக்கொள்ளாத ஒருவர், லண்டன் பொருளாதாரப் பள்ளியில் கற்பித்த சோஷலிஸ்ட் அறிஞர் ஹெரால்டு லாஸ்கி.

இதுவரை பேசிய கடிதங்களின் மூலப்படிகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பவை தணிக்கை அலுவலகத்தின் ஆங்கிலப் பெயர்ப்புகள். பஞ்சாப் விவசாயியின் பேச்சு அதிகாரியின் ஆங்கிலத்தில் நமக்கு வருகிறது. பழமொழி போயிற்று, வசை போயிற்று, ஊர் வழக்குப் போயிற்று. அதனால்தான் பெர்லினில் உள்ள ஓர் ஒலிப்பதிவு இவ்வளவு மதிப்புடையது.

பிரான்சில் ஜெர்மானியரிடம் பிடிபட்ட இந்தியக் கைதிகளைப் பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டோர்ஃப் முகாமில் வைத்திருந்தார்கள். அங்கே ஜெர்மானிய மொழியறிஞர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து, மொழி மாதிரிகள் திரட்டினார்கள். 1916 டிசம்பர் 11 அன்று ஒரு சீக்கியச் சிப்பாய் கருவியின் குழாய்க்கு முன் நின்றார். அவர் ‘நான்’ என்று தொடங்கவில்லை. ஒரு மனிதன் இருந்தான் என்று, பாட்டி கதை சொல்வதுபோலத் தொடங்கினார். ஹிந்துஸ்தானத்தில் அவன் வெண்ணெய் உண்டான், இரண்டு சேர் பால் குடித்தான், ஆங்கிலேயரின் வேலையில் சேர்ந்தான், ஐரோப்பியப் போருக்கு வந்தான், ஜெர்மானியர் பிடித்துக்கொண்டனர், இப்போது அவன் ஊருக்குப் போக விரும்புகிறான், போனால் அந்த உணவு கிடைக்கும். போர் எப்போது முடியும் என்று சேதி இல்லை. இன்னும் இரண்டு ஆண்டு இங்கே இருந்தால் அவன் செத்துவிடுவான். இவ்வளவுதான் அவர் சொன்னது. தணிக்கை இல்லை, எழுத்தர் இல்லை, மொழிபெயர்ப்பு இல்லை. பஞ்சாபி மொழியில், அவருடைய மூச்சோடு கேட்கலாம்.

அவர் குறித்த இரண்டு ஆண்டு நிறைவதற்குச் சரியாக ஒரு மாதம் இருக்கும்போது போர் நின்றது.